நெற்றிக்குப் போன கை

காட்டூர், திருச்சி
8 ஜூன் 2025

அன்புள்ள தேசிக்,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அம்மா, சுஜா, நான் மூவரும் சுகம். அந்தப் பனியில் உன் மூக்கும் விரல்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று முதலில் எழுது.

சீரங்கத்தில் உன் அப்பா இப்போது கைத்தடி ஊன்றி வாசல் வரை நடக்கிறார். இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். தை மாதம் அவரை நான் இரண்டு கையிலும் ஏந்தி மாடியிலிருந்து இறக்கியதை மாமி இன்னும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டு மோட்டார் மறுபடி புகைந்தது. கடைக்கு எடுத்து வந்து புதுக் கம்பி சுற்றிப் போட்டுவிட்டேன். இனி ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை.

ஃபோனில் கேட்க முடியாததால் எழுதுகிறேன். உனக்கு அங்கே டவர் கிடையாது. வாரம் ஒருமுறை கிடைக்கிற ஐந்து நிமிஷமும் மாமிக்கே போதாது. விஷயம் ஆசீரைப் பற்றியது. உன் பட்டாலியனில் இருக்கிற என் தம்பி உன்னை ‘சார்’ என்று கூப்பிடுகிறான் என்று நினைத்தாலே சிரிப்பு வருகிறது. ஸ்னைப்பர் பயிற்சிக்கு அவன் பெயர் வந்திருக்கிறதாம், பயிற்சி கொடுக்கிறவன் நீயாம். அவன் சேர்ந்தது நாலு வருஷ ஆளெடுப்பில். முடிந்ததும் நாலில் ஒருவனைத்தான் வைத்துக்கொள்வார்கள். இந்தப் பயிற்சியில் தேறினால் அந்த ஒருவனாக அவன் இருப்பான். தேறாவிட்டால் இருபத்துமூன்று வயதில் வீட்டுக்கு வந்து என் கடையில் செம்புக் கம்பி சுற்ற வேண்டியதுதான்.

ஆனால் அவனுக்கு நீ என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறாய்? பதினாலு வயதிலிருந்து வையம்பட்டிக் கடலைக்கொல்லையில் என்னோடு கிடந்தவன். பன்றி எந்தப் பக்கம் வரும் என்பதைக் காற்றை வைத்தே சொல்வான். என்.சி.சி. கேம்பில் பத்துக்கு ஆறு அடித்த தயிர்சாதம் நீ. பத்துக்குப் பத்து அடித்தவனின் தம்பி அவன். பார்த்து நடந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உனக்காகவும் ஜெபமாலை சொல்கிறாள்.

உன்
பிரிட்டோ


முகாமிலிருந்து
29 ஜூன் 2025

அன்புள்ள பிரிட்டோவுக்கு,

ரங்கன் கிருபையில் க்ஷேமம். மூக்கு இருக்கிறது, தோல்தான் உரிந்துவிட்டது. உன் அம்மா, உன் வீட்டுக்காரி சுஜா எல்லோரும் சௌக்கியம்தானே? அப்பா நடக்கிறார் என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். அம்மா ஃபோனில் எப்போதும் ‘எல்லாம் நன்னா இருக்கு’ என்றுதான் சொல்வாள். நீ எழுதினால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

ஆசீர் நன்றாக இருக்கிறான். சுடுவதில் இந்த பேட்ச்சில் அவனுக்குத்தான் முதலிடம். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் சுடுவது இந்த வேலையில் சின்னப் பகுதி. உன் பன்றி பசித்து வருகிறது, காத்திருந்தால் வந்தே தீரும். எங்களுக்கு இரண்டு நாள் ஈரத்தில் கிடந்த பிறகு, ஆள் கண்ணெதிரில் நிற்கும்போதே, ‘சுடாதே, திரும்பி வா’ என்று உத்தரவு வரும். முகம் சுளிக்காமல் திரும்பி வரத் தெரிய வேண்டும். சுட்டாலும் வேலை அதோடு முடியாது. நீ சுட்டதும் எழுந்து பன்றியிடம் போகிறாய். நாங்கள் சுட்டதும் செத்தவனைப் போலக் கிடக்க வேண்டும், ஏனென்றால் விழுந்தவனின் கூட்டாளிகள் அந்த நிமிஷத்திலிருந்து எங்களைத்தான் தேடுகிறார்கள். பன்றிக்குக் கூட்டாளி இருந்தாலும் அது துப்பாக்கி எடுத்து வராது.

நான் இந்தப் பயிற்சிக்குப் போனபோது என் வாத்தியார், ‘வேட்டை பழக்கம் உண்டா’ என்று கேட்டார். கோழியைக்கூட அடித்ததில்லை என்றேன். ‘நல்லது, உனக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை’ என்றார். உன்னைக் கிண்டல் செய்வதற்காகச் சொல்லவில்லை. ஆசீருக்கு மறக்க வேண்டியது நிறைய இருக்கிறது.

மோட்டாருக்கு நன்றி என்று எழுதினால் திட்டுவாய். எழுதவில்லை.

அன்புடன்
தேசிக்


காட்டூர்
13 ஜூலை 2025

அன்புள்ள மேஜர் சாருக்கு,

எல்லோரும் சுகம். சுஜாவுக்கு மட்டும் சளிக் காய்ச்சல், இப்போது பரவாயில்லை. மாமா பெரிய கோபுரம் வரை ஆட்டோவில் போய் வந்தார். உன் தோல் உரிந்த மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

பன்றி துப்பாக்கி எடுத்து வராது என்று எழுதியிருக்கிறாய். அடிபட்ட ஒற்றைப் பன்றி திரும்பி ஓடி வந்து ஒருவனின் தொடையைக் கிழித்ததை நீ பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டாய். பொறுமையைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாய். கொசு கடிக்கக் கடிக்க விடியும்வரை கிடந்து, பன்றி குட்டிகளோடு வந்ததால் சுடாமல் திரும்பிய நாட்கள் எங்களுக்கும் உண்டு. உத்தரவு போட எங்களுக்கு ஆள் இல்லை. எங்களுக்கு நாங்களேதான் போட்டுக்கொண்டோம். இதில் யார் ஒசத்தி, சொல்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை உங்கள் பட்டாளத்தில் யாரும் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். உயிர் விழுந்த அந்த நிமிஷமே தொப்பியைத் தள்ளிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டும். அதைச் செய்யாதவனை எங்கள் அப்பா கறியைத் தொட விட மாட்டார். ‘எடுத்தது நம்ம உயிர் இல்லடா, குடுத்தவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்ல’ என்பார். அப்பா எனக்குப் பழக்கினார், நான் ஆசீருக்குப் பழக்கினேன். முதல் வருஷம் மறந்தான் என்று இரண்டு தடவை முதுகில் போட்டேன். அப்புறம் மறந்ததே இல்லை. துப்பாக்கி வெடித்தால் அவன் கை தானாக நெற்றிக்குப் போகும். கொல்லத் தெரிந்தவனைவிட, கொன்றது என்னவென்று தெரிந்தவன்தான் பெரிய ஆள். ஆகையால் உன் வாத்தியாரிடம் சொல், வேட்டைக்காரனுக்கு மறக்க வேண்டியது எதுவும் கிடையாது என்று.

அவனை நல்லபடியாகத் தேற்றி அனுப்பு. அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

பிரிட்டோ


முகாமிலிருந்து
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள பிரிட்டோவுக்கு,

இங்கே க்ஷேமம். சுஜாவின் காய்ச்சல் முற்றிலும் தீர்ந்ததா? பதில் தாமதமானதற்குக் காரணம், எப்படி எழுதுவது என்று தெரியாததுதான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆசீரை நான் தேற்றவில்லை.

கடைசிப் பரீட்சை இப்படி. மேட்டில் இருவர் பைனாகுலரோடு உட்கார்ந்திருப்பார்கள். இவன் அவர்கள் கண்ணில் படாமல் ஊர்ந்து வந்து, சத்தம் மட்டும் வருகிற தோட்டாவைச் சுட வேண்டும். சுட்ட பிறகும் அவர்கள் தேடுவார்கள். அப்போதும் அகப்படக் கூடாது. ஆசீர் ஊர்ந்து வந்ததை இருவரில் யாரும் பார்க்கவில்லை. நானே பார்க்கவில்லை, அவன் எங்கிருந்து கிளம்பினான் என்று தெரிந்திருந்தும். அந்த வித்தை உன் கடலைக்கொல்லையில் வந்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். சுட்டான். உடனே புல்லுக்கு மேலே ஒரு கை எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இரண்டு தோள். ‘அதோ இருக்கான்’ என்று மேட்டிலிருந்து கை காட்டிவிட்டார்கள்.

மறுநாள் திரும்ப வைத்தேன். அதேதான். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ‘தெரிஞ்சு பண்ணல சார், அதுவா வருது. அப்புறந்தான் தெரியுது’ என்று அழுதான். கையைத் துப்பாக்கியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுகூடப் பயிற்சி செய்தான். கட்டை அவிழ்த்தால் மறுபடி எழுகிறது. மனசுக்குள் சொல்லிக்கொள், கையை அசைக்காதே என்றேன். சரி சார் என்கிறான். வெடிச் சத்தம் கேட்டதும் அந்தச் சரி போய்விடுகிறது.

அவன்மேல் குறை இல்லை. ஒரு வருஷம் கொடுத்தால் மாற்றலாம், அடுத்த பேட்ச்சில் நானே சேர்த்துக்கொள்கிறேன். இப்போது அனுப்பினால் திரும்பி வர மாட்டான். உன் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

தேசிக்


காட்டூர்
3 செப்டம்பர் 2025

தேசிக்,

கடிதம் கிடைத்தது. சிலுவை போட்டதுக்காகவா என் தம்பியை பெயில் ஆக்கினாய்?

நீ ஸ்கூட்டரை உதைப்பதற்கு முன்னால் ‘ரங்கா’ என்று சொல்லாமல் கிளம்பியதை நாலு வருஷக் காலேஜில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அதற்காக உன்னை வண்டி ஓட்டத் தெரியாதவன் என்று யாராவது சொன்னார்களா? முதலிடத்தில் சுடுகிறான், ஊர்ந்து வந்ததை நீயே பார்க்கவில்லை என்கிறாய், ஆனால் சாமி கும்பிட்டான், அதனால் ஆகாது. அவன் கை உயர்த்தி வேறு சாமி பெயரைச் சொல்லியிருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பாயா?

அடுத்த பேட்ச் என்கிறாய். அடுத்த பேட்ச் வருவதற்குள் அவன் நாலு வருஷம் முடிந்து வீட்டுக்கு வந்துவிடுவான். அது உனக்குத் தெரியாதா? தெரியும்.

உன் அப்பா ஈரத் தரையில் கிடந்தபோது அவர் நெற்றியில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. தூக்கினேன். மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் நான் சுத்தம் செய்தது யாருடைய உடம்பு என்று உன் அம்மாவைக் கேட்டுப் பார். இதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று நினைத்ததே இல்லை. சொல்ல வைத்துவிட்டாய்.

அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். நீயே யோசித்துச் செய்.

பிரிட்டோ


முகாமிலிருந்து
19 அக்டோபர் 2025

அன்புள்ள பிரிட்டோவுக்கு,

க்ஷேமம். நாளை தீபாவளி, இங்கே ஒரு பெட்டி மிட்டாய் வந்திருக்கிறது.

ஆசீர் தேறிவிட்டான். பட்டியல் மேலே போய்விட்டது. இனி அதில் மாற்றம் எதுவும் வராது.

நமக்குள் நடந்த பேச்சு அப்பா அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். மழைக்காலம், மாடிப் படியில் பாசி பிடிக்கும். முடிந்தால் ஒரு நடை போய்ப் பார்.

தேசிக்


காட்டூர்
2 நவம்பர் 2025

என் அன்புத் தேசிக்,

நாங்கள் எல்லோரும் சுகமோ சுகம். நீ நூறு வருஷம் சுகமாக இருக்க வேண்டும். கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. தம்பி என்றால் எனக்குப் புத்தி கொஞ்சம் கலங்கிவிடும், உனக்குத்தான் தெரியுமே. மாடிப் படியைப் பிளீச்சிங் பவுடர் போட்டு நானே தேய்த்துவிட்டேன். மாமி ஒரு தூக்கு நிறைய அக்காரவடிசல் கொடுத்தனுப்பினார்.

இன்று கல்லறைத் திருநாள். அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றும்போது அம்மா, ‘உங்க சின்னவன் பெரிய பயிற்சியெல்லாம் முடிச்சுட்டான்’ என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்துக் கல்லறைக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆசீர் போன வாரம் ஃபோனில் கிடைத்தான். பட்டுக்கொள்ளாமல் பேசினான். ‘அண்ணே, சார் மறுபடி டெஸ்ட்டெல்லாம் வைக்கல. கூப்பிட்டு, பேரு போயிருச்சுன்னு மட்டும் சொன்னாரு. எனக்கு இன்னும் கை நிக்கலண்ணே’ என்றான். ‘அதெல்லாம் போகப் போகச் சரியாயிரும், சும்மா இருடா’ என்று அதட்டி வைத்தேன். நீ எனக்காகச் செய்ததை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். நட்பு என்றால் இதுதான்.

கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புகிறேன், முட்டை போடாமல் சுஜா தனியாகச் செய்கிறாள்.

என்றும் உன்
பிரிட்டோ


முகாமிலிருந்து
15 பிப்ரவரி 2026

பிரிட்டோவுக்கும் அம்மாவுக்கும்,

தந்தியைப் போல அதிகாரிகள் சொன்ன செய்திக்குப் பிறகு நான் என்ன எழுதுவது. ஆசீரின் உடலோடு கூட வர அனுமதி கேட்டேன், கிடைக்கவில்லை. தேடுதல் இன்னும் முடியவில்லை. பட்டாலியனே அவனுக்காகத் தலைகுனிந்து நின்றது. கொடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் போனான். அவன்மேல் பட்டது ஒரே குண்டு. வலி தெரிந்திருக்காது. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை, அருகில் இருந்தவன் சொன்னது.

அம்மாவை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள். சாப்பிட வை. பெருமாள் உங்களுக்குத் தாங்கும் சக்தி கொடுக்க வேண்டும்.

தேசிக்


காட்டூர்
22 மார்ச் 2026

அன்புள்ள தேசிக்,

சுகம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா இருக்கிறாள். சாப்பிடுகிறாள்.

கலெக்டர் வந்தார். கொடி போர்த்திக் கொண்டுவந்தார்கள். காட்டூரில் அன்றைக்குக் கடை எதுவும் திறக்கவில்லை, தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வானத்தைப் பார்த்துச் சுட்டபோது அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். நான் மட்டும் ஆசீரின் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் பார்த்தேன் என்று உனக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தில் எல்லாம் இருக்கிறது, எப்படி என்பது மட்டும் இல்லை. ஆசீர் சுட்ட பிறகுதான் அந்தக் குண்டு வந்ததா? சுட்டதற்கும் அதற்கும் நடுவில் அவன் என்ன செய்தான்? ஒரு வேட்டைக்காரன் கேட்கிறான் என்று வைத்துக்கொண்டு பதில் எழுது. எனக்குத் தூக்கமே இல்லை.

மாமாவைப் பார்க்க நான் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போக முடியவில்லை.

பிரிட்டோ


காட்டூர்
24 மே 2026

தேசிக்,

மார்ச் மாதக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. போன வாரம் உங்கள் வீட்டு மோட்டார் ஓடவில்லை என்று மாமி கூப்பிட்டார், போனேன். ‘தேசிக் சித்திரைத் தேருக்கு வந்துட்டுப் போனானே, உன்னைப் பாக்கலையா?’ என்று கேட்டார். பார்த்தேன் என்று பொய் சொல்லிவிட்டு மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நீ சொல்லாததை வேறு ஆள் வந்து சொல்லிவிட்டான். நேற்று அப்துல் அஹத் வந்தான். ஆசீரோடு ஜோடியாகப் படுத்துக் கிடந்து பைனாகுலர் பிடித்த பையன். பாலக்கரைக்காரன்தான், லீவில் வந்திருக்கிறான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ‘என் புள்ள கடைசியா என்ன பண்ணினான், சொல்லுப்பா’ என்று கேட்டாள். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. ‘எங்களத் தேடி வந்தவன் ஆசீரோட ஒரே குண்டுல விழுந்துட்டாம்மா. ஆசீர் கை நெத்திக்குப் போச்சு. நெஞ்சுக்கு வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்துலேர்ந்து சுட்டுட்டாங்க. நான் கையப் பிடிக்கத்தான் போனேன், முடியலம்மா’ என்று சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான்.

அம்மா அழவில்லை, தேசிக். பிப்ரவரிக்குப் பிறகு முதல் தடவையாக அவள் முகம் தெளிந்தது. ‘பிதாவேன்னு கூப்பிட்டிருக்கான். கூப்பிட்டதும் எடுத்துக்கிட்டாரு’ என்றாள். அஹத்துக்கு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். இன்று காலைப் பூசையில் சாமியார் அதையே பிரசங்கத்தில் சொன்னார். சாகும் நேரத்திலும் சிலுவையை மறக்காதவன் என்று. கோயில் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்லறைக் கல்லிலும் அதை வெட்டச் சொல்லிவிட்டாள்.

நான் அவனை முதுகில் அடித்துப் பழக்கிய கை அது. இப்போது அனுப்பினால் திரும்பி வர மாட்டான் என்று நீ எனக்குத் தமிழில்தானே எழுதினாய்? படித்தேன். படித்துவிட்டுத்தான் உன்னை மிரட்டினேன். ஃபோனில் அவனே கை நிற்கவில்லை என்றான், அதட்டினேன். உன்மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீ ஏன் என் பேச்சைக் கேட்டாய்? உனக்குத் தெரிந்திருந்ததே. பாவி, நீ ஏன் கேட்டாய்?

பிரிட்டோ


முகாமிலிருந்து
21 ஜூன் 2026

பிரிட்டோ,

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல ஒரு மாதம் ஆயிற்று. உன் செப்டம்பர் கடிதத்துக்குப் பிறகு நான் மறுபடி டெஸ்ட் வைக்கவில்லை. வைத்தால் மறுபடி தவறுவான் என்று தெரியும்.

அப்பாவைத் தூக்கியதை நீ சொல்லிக் காட்டியது என்னைச் சுட்டது உண்மைதான், ஆனால் அதற்காக இல்லை. அவன் சாமியைக் கும்பிட்டதால் பெயில் ஆக்கினேன் என்று நீ நினைத்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீ அப்படி நினைத்துக்கொண்டு என் அம்மா கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாய் என்பதை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. உன் மனசில் நான் கெட்டவனாகிவிடக் கூடாது என்ற பயத்தில் ஒரு பையனை அனுப்பினேன். அந்த பேட்ச்சில் இருந்த ஆறு பேர் ஆயுசுக்கு நான் பொறுப்பு. சுடாமல் இருக்கத் தெரிந்தவன்தான் ஸ்னைப்பர் என்று உனக்கு வியாக்கியானம் எழுதியவன் நான். ஒரு கடிதத்துக்கு முன்னால் என்னால் அசையாமல் இருக்க முடியவில்லை.

தேருக்கு வந்தபோது உன் வீட்டுக்குக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்டில் ஒரு வாரம் லீவு கிடைக்கும். நேரில் வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன். மறைத்து வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது. நீ சரி என்று ஒரு வரி எழுது.

தேசிக்


காட்டூர்
5 ஜூலை 2026

அன்புள்ள தேசிக்,

மாமாவும் மாமியும் சௌக்கியம். வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன். இனி வாரா வாரம் போவேன்.

நீ வா. ஆனால் அம்மாவிடம் எதையும் சொல்லாதே. உனக்குச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கும், எனக்கும் இறங்கும். அவளுக்கு இருப்பது அந்த ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு நாம் இருவரும் நிம்மதியாகத் தூங்க வேண்டுமா? தூங்க வேண்டாம். அவள் உன் கையைப் பிடித்து நன்றி சொல்வாள். ஆசீரைத் தேற்றிவிட்ட புண்ணியவான் நீ என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பேசாமல் கேட்டுக்கொண்டு நில். நான் தினமும் அப்படித்தான் நிற்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அம்மாதான். எதிரில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். தான் சொல்வதைத்தான் எழுதுகிறேன் என்று நினைக்கிறாள். அவள் சொல்வது இது. என் சித்தி லூர்துவின் மகன் இருதயநாதன் உங்கள் பட்டாலியனுக்கே வந்து சேர்ந்திருக்கிறான். வையம்பட்டிக்காரன்தான், எங்கள் அப்பா பழக்கத்தில் வளர்ந்தவன். பட்டாளத்தில் நன்றாகச் சுடுகிறானாம். ‘ஆசீர் விட்ட எடத்துல அவன் நிக்கட்டும். தேசிக் தம்பி நம்ம பேச்சைத் தட்டாது. ஒரு வார்த்தை எழுதிப் போடுப்பா’ என்கிறாள்.

அவள் சொன்னதை எழுதிவிட்டேன். இனி நான் சொல்வது. அவன் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் பெயில் ஆக்கு. அம்மா அழுதுகொண்டு எழுதுவாள், பெயில் ஆக்கு. அடுத்த வருஷம் எனக்கே புத்தி மாறி, மாமாவைத் தூக்கியதைச் சொல்லிக் காட்டி, உன் மதத்தையும் என் மதத்தையும் இழுத்து, கண்டபடி எழுதினாலும் எழுதுவேன். என் கடிதத்தைப் பிரிக்காமலே பெயில் ஆக்கு.

எழுதிட்டியா என்று அம்மா கேட்கிறாள். எழுதிட்டேம்மா என்றேன். உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள்.

பிரிட்டோ